கேக்கின் மேல் பாவும் ஊடையும்

துடியலூரில் எங்கள் வீட்டு முன்னறைக்குள் நான் காலெடுத்து வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் ஆறு மாதம் அமலில் இருந்தது. சட்டம் போட்டவள் என் மனைவி. அந்த அறையில்தான் அவள் கேக் செய்கிறாள். வீட்டில் ஏசி இருக்கும் ஒரே அறையும் அதுதான். ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து புழுங்கிக்கொண்டிருந்த எனக்கு அது தனி எரிச்சல்.

சட்டம் வந்ததற்குக் காரணம் நான்தான், அதை மறைக்கப் போவதில்லை. முப்பது வருடம் லேத்தில் கடைசல் வேலை பார்த்தவன் நான். பம்பு செட்டு ஷாஃப்டும் புஷ்ஷுமாகக் கடைந்து கடைந்து கை காய்த்துப் போனவன். நான் இருந்த பட்டறையின் முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகளுக்கு இரும்பில் நாட்டமில்லை, இடத்தை விற்றுவிட்டார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு சாப்பாட்டுத் தூக்கோடும் மைக்ரோமீட்டரோடும் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வேறு பட்டறைகளில் போய்க் கேட்டபோது, கம்ப்யூட்டர் மெஷின் ஓட்டத் தெரியுமா என்றார்கள். தெரியாது என்றேன். "சொல்லி அனுப்பறோமுங்க" என்று எல்லோரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

வேலையில்லாதவன் கண்ணுக்கு அடுத்தவர் வேலையில் இருக்கும் குற்றம்தான் முதலில் தெரியும். என் மனைவி ஐந்து வருடமாகக் கேக் செய்கிறாள். தெருவில் உள்ள பிள்ளைகளின் பிறந்தநாளில் ஆரம்பித்து, இப்போது மேட்டுப்பாளையம் ரோட்டில் உள்ள மண்டபங்கள் வரை அவளுக்கு ஆர்டர் உண்டு. நான் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தவரை அதைப் பற்றி ஒன்றும் பேசியதில்லை. வீட்டோடு இருக்க ஆரம்பித்த இரண்டாவது மாதம், அவள் முடித்து வைத்திருந்த இரண்டு அடுக்குக் கேக்கின் மேல் என் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். "அம்மணி, இது கெழக்கால ரெண்டு மில்லி சாயுது" என்றேன். ஆர்டர் கொடுத்தவர் அப்போது ஹாலில் உட்கார்ந்திருந்தார். அவர் காதில் நன்றாகவே விழுந்தது.

அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு வந்து அவள் சொன்னாள்: "இனிமே இந்த ரூமுக்குள்ள வராதீங்க. நானும் இருபத்தஞ்சு வருசத்துல ஒரு நாளாவது உங்க பட்டறைக்கு வந்து ஷாஃப்டு கோணலா இருக்குதுன்னு சொல்லியிருக்கறனுங்களா?" குரலை உயர்த்தவே இல்லை. எங்கள் பக்கத்தில் எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' மட்டும் இடம் மாறாது. அது இருக்கும்போது பதிலுக்குக் கத்தவும் முடியாது.

அதனால் நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி. பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபாண்டன்ட். சர்க்கரையை மாவாக்கிச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, விரிப்பு மாதிரித் தேய்த்து, கேக்குக்குச் சட்டை போடுவதுபோல் மேலே சுற்றுவார்கள். சும்மா விட்டால் சுவருக்குப் பட்டி பார்த்தது மாதிரி வழவழவென்று இருக்கும். அதன் மேல்தான் வேலைப்பாடு. கோடு, கட்டம், பூ, மரப்பட்டை, கூடைப் பின்னல் என்று விதவிதமான அச்சுத் தகடுகளையும் உருளைகளையும் காந்திபுரம் பக்கம் ஒரு கடையில் வாங்கி வருவாள். உருளையை ஒரு தடவை அழுத்தி உருட்டினால் அந்த அச்சு மாவில் பதிந்துவிடும்.

ஆனால் எல்லாம் பிளாஸ்டிக். நடுவில் வளையும். இரண்டு ஓரத்திலும் ஆழமாகவும் நடுவில் பட்டும் படாமலும் அச்சு விழும். வார்ப்புச் சேர்ந்த இடத்தில் நெடுக ஒரு தழும்பு வேறு. தூரத்திலிருந்து பார்க்கும்போதே எனக்குக் கை பரபரக்கும். வாயைத் திறக்க மாட்டேன். ஒரு மனுஷன் தன் சொந்த வீட்டில் இவ்வளவு அடங்கி இருந்து நான் பார்த்ததில்லை.

ஆவணியில் சென்னிமலையிலிருந்து ஓர் அம்மா வந்தார். வீட்டிலேயே தறி போட்டுப் பெட்ஷீட் நெய்கிற குடும்பம். மூத்த மகனின் கல்யாண வரவேற்பு கோயமுத்தூரில், மூன்று அடுக்குக் கேக் வேண்டும். பையைத் திறந்து ஒரு பெட்ஷீட்டை எடுத்து மேஜையில் விரித்தார். சந்தன நிறம், கெட்டி நெசவு.

"இந்த மாதிரியே கேக்கு மேல வரோணும் அம்மணி. தொட்டுப் பாத்தா துணின்னு நெனைக்கோணும். வர்ற ஒறம்பரை சொந்தம் பூராத்துக்கும் நாங்க தறிக்காரங்கன்னு தெரியோணும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து என் மனைவி உடனே சரி என்றுவிட்டாள்.

அவர் போன பிறகுதான் கஷ்டம் தெரிந்தது. இருக்கிற அச்சுகளையெல்லாம் போட்டுப் பார்த்தாள். கூடைப் பின்னல் கூடையாகத்தான் தெரிந்தது. கட்ட அச்சு மெத்தை மாதிரி உப்பியது. கடைசியில் அந்தப் பெட்ஷீட்டையே மாவின் மேல் போட்டு அழுத்தினாள். நெசவு அழகாக விழுந்தது. கூடவே பஞ்சும் நூலும் ஒட்டிக்கொண்டு வந்தன. அதைக் குப்பையில் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு உருளை நான் கடைஞ்சு தரட்டுமா?" என்று நிலைப்படியிலிருந்து கேட்டேன்.

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். ரசமட்டம் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். "தாங்க. உள்ள மட்டும் வர வேண்டாம்" என்றாள்.

எனக்கு அது போதும். அந்த உருளை சரியாக வந்துவிட்டால், அவளே என்னை உள்ளே கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அந்த வீட்டில் வேலை நடக்கிற ஒரே இடம் அதுதான். அங்கே எனக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தால், நான் மறுபடியும் வேலைக்குப் போகிற மனுஷன். கிடைக்காவிட்டால் ஹாலும் டிவியும்தான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அது விளையாட்டாக இல்லை.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் கணபதியில் சொந்தமாக ஒரு லேத் போட்டிருக்கிறார். அவரிடம் மத்தியானத்துக்கு மேல் மெஷினைக் கேட்டு வாங்கினேன். இரண்டு அங்குல விட்டம், ஒரு அடி நீளம், நல்ல இரும்பு ராடு. முதலில் சுற்றி வளையம் வளையமாகக் கோடு போட்டேன். பிறகு நெடுகக் கோடு. கால் நூல் ஆழம். எங்கள் கணக்கில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொண்டதும் உருளை பூராவும் நெசவு மாதிரி பொடிப் பொடிக் கட்டமாக நின்றது. ஒரே உருட்டில் துணி விழ வேண்டும் என்பது என் திட்டம். சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமான வேலை. அன்றைக்கு வீட்டுக்கு வண்டி ஓட்டி வரும்போது விசில் அடித்துக்கொண்டே வந்தேன்.

அவள் அதை வெந்நீரில் போட்டு, சோப்புப் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஒரு துண்டு மாவில் உருட்டிப் பார்த்தாள். "அட, துணியேதானுங்க!" என்றாள். நிலைப்படியில் நின்று கேட்டேன். உள்ளே வாங்க என்று அடுத்த வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சரி, கேக் முடியட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வரவேற்புக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் உருளையை இன்னொரு முறை கழுவி, சமையலறைத் திண்டில் காயவைத்திருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன். ஈர இரும்பு. பார்த்துக்கொண்டு சும்மா போக என்னால் முடியுமா? கடைந்து முடித்த எந்தச் சாமானையும் நாங்கள் உலர்ந்தபடி கொடுக்க மாட்டோம். துரு ஏறாமல் ஒரு பூச்சு எண்ணெய் தடவித்தான் கை மாற்றுவோம். அது தொழில் மரியாதை. வண்டி டூல்ஸ் பெட்டியிலிருந்து எண்ணெய்த் துணியை எடுத்து வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்குமாறு பதமாகத் துடைத்தேன். அதிகப்படியை இன்னொரு துணியால் எடுத்துவிட்டு, அவள் அறை வாசலில் இருக்கும் மேஜையில் வைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்ப் படுத்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் அந்த உருளையை வைத்து மூன்று அடுக்குக்கும் ஃபாண்டன்ட் போட்டாள். மாவு ஒட்டாமல் இருக்க உருளைக்கு மேல் சோளமாவு தூவிக்கொள்வது அவள் வழக்கம். அதனால் கையில் பிசுக்குத் தெரியவில்லை. அறை பூராவும் வெனிலா வாசனை. முடித்துப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் பெட்டியைத் திறந்த சத்தம் கேட்டது. அடுத்த நொடி, "ஏனுங்க! இங்க வாங்க!" என்று ஒரு குரல். ஆறு மாதமாக நான் எதிர்பார்த்த அழைப்புதான். ஆனால் இந்தத் தொனியில் இல்லை.

"இது என்ன நாத்தமுங்க?" என்றாள்.

குனிந்து மோந்து பார்த்தேன். இனிப்பு வாசனை வந்தது. "ஒண்ணுமில்லையே" என்றேன்.

"ஒண்ணுமில்லையா? கெரசின் மாதிரி அடிக்குது. உங்க சட்டை வாசம், பட்டறைல இருந்து வந்தா அடிக்குமே, அதேதான். ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவுனனே! எப்படி வந்துச்சு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முப்பது வருடம் அந்த எண்ணெயைச் சுவாசித்த மூக்கு. எனக்கு அது காற்று மாதிரி. நாறுகிறது என்றே தெரியாது. மூடின பெட்டிக்குள் ராத்திரி பூராவும் அது சர்க்கரையில் ஏறியிருக்கிறது.

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். சோப்பு போதவில்லை, இரும்பே அப்படித்தான் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் நம்பியும் இருப்பாள். சொன்னால் இந்த ஜென்மத்துக்கு அந்த அறை எனக்கு இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் அவள் சோப்பு டப்பாவையும் பிரஷ்ஷையும் சந்தேகத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குப் பொறுக்கவில்லை.

"நாந்தான் அம்மணி. நீ கழுவி வெச்சதுக்கப்பறம் எண்ணெ தொடச்சுபோட்டேன். துரு ஏறிருமேன்னு."

அவள் திட்டுவாள் என்று நின்றேன். அவள் கேக்கைப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முழங்கையால் துடைத்துக்கொண்டாள். "அட கெரகமே" என்று மட்டும் சொன்னாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும்.

"மேல சட்டைய உரிச்சுபோட்டு, உள்ள பூசுன சாக்லேட்டையும் ஒரு சுத்து வழிச்சுட்டா கேக்கு தப்பிச்சுக்கும். மாவு இன்னொரு தரத்துக்கு இருக்குது. ஆனா அச்சு? அந்த உருளைய இனிக் கையில தொட மாட்டேன்" என்றாள்.

"பதினொரு மணிக்குள்ள வேற உருளையோட வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வழியெல்லாம் ஒரே யோசனை. மறுபடியும் குறுக்குக் கோடு, நெடுக்குக் கோடு இரண்டும் வெட்ட நேரமில்லை. இரும்பும் ஆகாது. நைலான் ராடு என்றால் எண்ணெய் விடாமலேயே கடையலாம், துருவும் கிடையாது. முதலிலேயே ஏன் தோன்றவில்லை? இரும்பில் என் கைவரிசையைக் காட்ட வேண்டும் என்ற வீம்புதான், வேறென்ன. நண்பரின் பட்டறையில் வெள்ளை நைலான் துண்டு ஒன்று கிடந்தது. லேத்தின் பிடியைச் சுத்தமாகத் துடைத்து, பேப்பர் சுற்றி மாட்டி, வெறும் வளையக் கோடு மட்டும் வரிசையாகப் போட்டேன். ஒரே சீரான கோடுகள், அவ்வளவுதான். பட்டறைக்கு வந்த முதல் வருடத்தில் பழகுகிற வேலை. எலுமிச்சம்பழமும் சோப்பும் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். நண்பர், "ஏனுங், கல்யாண மாப்பிளையே நீங்கதானா?" என்று கிண்டலடித்தார்.

பத்தே முக்காலுக்கு நிலைப்படியில் நின்று உருளையை நீட்டினேன். அவள் வாங்கி, கறிவேப்பிலையை மோந்து பார்ப்பது போல முனையிலிருந்து முனை வரை மோந்து பார்த்தாள். "கையக் காட்டுங்க" என்றாள். கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் அவள் என் உள்ளங்கையை மோந்து பார்த்தது அன்றுதான். தலையை ஆட்டினாள்.

"இதுல ஒரு பக்கந்தானுங்களே கோடு விழும்?"

"ஆமா. மொதல்ல நெடுக்கா ஒரு தடவ, அது பாவு. அப்பறம் குறுக்கா ஒரு தடவ, அது ஊடை. தறியிலயும் அப்படித்தான? ஆனா ரெண்டாவது உருட்டு மூலைமட்டத்துக்கு நிக்கோணும். கொஞ்சம் கோணுனாலும் துணி இழுத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். ஒருத்தர் மட்டம் புடிச்சாத்தான் இன்னொருத்தர் உருட்ட முடியும்."

அவள் கேக்கைப் பார்த்தாள், உருளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காலக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

காலைக் கழுவினேன். முகத்தையும் கழுவினேன், கண் கலங்கினது தெரியாமல் இருக்க.

உள்ளே போனால் நான் அங்கே புது ஆள். எப்படி நிற்பது, எதைத் தொடுவது என்று எல்லாம் அவள்தான் சொன்னாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். பாலக்காட்டுப் பக்கத்துக் காற்று இன்னும் ஓயவில்லை, அது பட்டால் ஃபாண்டன்ட் நிமிஷத்தில் வறண்டு வெடித்துவிடுமாம். கேக்கின் உயரத்துக்கு மாவைப் பட்டையாக வெட்டினாள். கேக்கின் மேல் போட்ட பிறகு அச்சு வைத்தால் ஓரத்தில் இழுபடும். அதனால் மேஜையிலேயே பதித்துவிட்டு, பட்டையைப் பாய் போலச் சுருட்டி எடுத்துப் போய்க் கேக்கைச் சுற்றி விரிக்க வேண்டும். பட்டைக்கு இரண்டு பக்கமும் ஒரு நூல் கனத்தில் அலுமினியப் பட்டிகளை வைத்தேன். உருளை அதன் மேல் ஓடினால் எங்கும் ஒரே ஆழம்தான் விழும். அதைப் பார்த்ததும் அவள், "இத ஆறு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள். எங்கே சொல்வது, யாரிடம் சொல்வது என்று நான் கேட்கவில்லை.

முதல் பட்டையில் அவள் பாவை உருட்டினாள். அவள் மூலைமட்டம் பிடிக்க, ஊடையை நான் உருட்டினேன். பாதி வழியில் சரியாக விழவில்லை என்று பட்டதும், பழக்க தோஷம், பின்னால் வந்து மறுபடியும் அழுத்தினேன். கோடு மேல் கோடு விழுந்து நெசவு கொழகொழவென்று ஆனது. இரும்பில் ஒரு வெட்டு கூடிப்போனால் போனதுதான். அந்த ராடு பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். முப்பது வருடம் அந்தப் பயத்தோடுதான் நான் மெஷின் முன்னால் நின்றிருக்கிறேன்.

அவள் அந்தப் பட்டையை அப்படியே மடித்தாள். உருட்டினாள், பிசைந்தாள், இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் தேய்த்து வழவழவென்று என் முன்னால் விரித்துவிட்டாள். "இதுக்கு ஏனுங்க மொகம் இப்படிப் போகுது? மறுக்கா உருட்டுங்க. ஒரே போக்குல போங்க, திரும்ப வராதீங்க."

மறுபடியும் உருட்டினேன். ஒரே போக்கில் போனேன். விழுந்தது. கட்டம் கட்டமாக, இழை இழையாக, சென்னிமலைத் துணி. சொல்லப்போனால் என் இரும்பு உருளையில் விழுந்ததைவிட நன்றாக இருந்தது. இரண்டு உருட்டும் இரண்டு கை என்பதால் பாவு ஒரு ஆழமாகவும் ஊடை ஒரு ஆழமாகவும் விழுந்து, நிஜத் துணி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறித் தெரிந்தது. மூன்று அடுக்கையும் முடித்தபோது மணி இரண்டு. சாப்பிட மறந்திருந்தோம்.

நாலு மணிக்கு மண்டபத்தில் கேக்கை அடுக்கி வைத்தோம். சென்னிமலை அம்மா பட்டுப்புடவையோடு ஓடி வந்தார். கிட்டே வந்ததும் நின்றுவிட்டார். விரலை நீட்டி, பின்புறமாக ஒரு ஓரத்தில் நகம் படாமல் தொட்டுப் பார்த்தார். தறிக்காரர்கள் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல, கட்டை விரலால் இரண்டு பக்கமும். "இழை கூட நிக்குது பாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அப்புறம் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, சின்னவனுக்கும் தையில வெச்சிருக்கறோம். அதுக்கு நாலு அடுக்கு. கரை போட்ட பெட்ஷீட் ஒண்ணு நெய்யறோமே, அந்தக் கரையோட வரோணும். செஞ்சு குடுத்திருவியா?"

"அவரக் கேட்டுத்தானுங்க அக்கா சொல்லோணும்" என்றாள் என் மனைவி.

இந்த வாக்கியத்தை இருபத்தைந்து வருடமாகக் கேட்டிருக்கிறேன். வாசலில் சாமான் விற்க வருகிறவர்களுக்கும், வேண்டாத அழைப்போடு வருகிற சொந்தங்களுக்கும் அவள் சொல்கிற பதில் அது. முடியாது என்பதை முகத்தில் அடிக்காமல் சொல்லும் வழி. அதற்குப் பிறகு என்னிடம் ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை, நானும் கேட்பாள் என்று எதிர்பார்த்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவள் அந்த அம்மாவின் கையை விடாமலேயே என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, கரைக்கு உருளை தனியாக் கடையோணுமில்ல? உங்களுக்கு எத்தன நாள் வேணும்?"

மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு மணி நேர வேலை அது. ஆனால் எட்டு மாதத்துக்குப் பிறகு ஒருவர் என்னிடம், எப்போது முடியும் என்று கேட்கிறார். கொஞ்சம் யோசிப்பது போல மோவாயைத் தடவிக்கொண்டேன்.

"ரெண்டு நாள் குடு அம்மணி, முடிச்சுத் தாரேன்" என்றேன்.